நின்றால் குளிரும், ஓடினால் படுக்கும்

டெல்மர் சாலையோரப் புல்லில் மண்டியிட்டு, கேரவனின் பக்கவாட்டில், ஃப்ரிட்ஜின் பின்புறம் திறக்கும் சின்னக் கதவுக்குள் தலையை விட்டிருந்தார். டார்ச் அவர் வாயில் இருந்தது. ஜூலை வெயில் முதுகைச் சுட்டது.

"ஜெல்லி ஆடுது டெல்மர்" என்று வண்டிக்குள்ளிருந்து குரல் கொடுத்தாள் அவர் மனைவி லரூ. "இன்னும் கொஞ்சம் விட்டா டம்ளர்ல ஊத்திக் குடிக்கலாம். சாயங்காலம் உன் சொந்தக்காரங்க முன்னாடி எதைக் கொண்டுபோய் வெக்கிறது?"

வருஷத்துக்கு ஒருமுறை பியர் லேக் கரையில் டெல்மரின் குடும்பம் மொத்தமும் கூடும். லரூவின் பச்சை ஜெல்லி வராமல் அந்த விருந்து தொடங்காது. எலுமிச்சை ஜெல்லிக்குள் துருவிய கேரட்டும் டின்னில் வரும் சூரை மீனும் போட்டு, தட்டில் கவிழ்த்ததும் மேலே மயோனைஸ் பூசுவாள். கல்யாணமானதிலிருந்து அவள் அதைக் கொண்டுபோகாத வருஷமே இல்லை.

ஃப்ரிட்ஜுக்கு வந்த வியாதிதான் விநோதம். அது கரண்டிலும் ஓடும், கேஸ் சுடரிலும் ஓடும். ராத்திரி முகாமில் நிறுத்திக் கரண்டில் மாட்டினால் ஜில்லென்று குளிர்ந்தது. காலையில் கேஸுக்கு மாற்றி வண்டியை எடுத்தால் படுத்துக்கொண்டது. நேற்று ட்வின் ஃபால்ஸ் வரும் வழியிலும் இதே கதைதான். நேற்று ஒரு நிமிஷத்தில் சரிசெய்த டெல்மர், இன்று தலையைச் சொறிந்துகொண்டிருந்தார்.

"காத்துல அணைஞ்சிருக்குமோ?" என்றாள் லரூ.

"தகடு வெச்சு மறைச்சிருக்கேன். காத்து போகாது."

"வண்டி சாய்ஞ்சு நிக்குதோ?"

"ரசமட்டம் வெச்சுப் பார்த்துட்டேன்."

"கதவு ரப்பர்?"

"அது நல்லா இறுக்கமாத்தான் இருக்கு. உன் வாய்க்குத்தான் அப்படி ஒண்ணு வாங்கணும்."

லரூ விடவில்லை. "கேஸ் எரியுதா இல்லையான்னு காட்டுற சிவப்பு லைட்டு செத்து எவ்வளவு காலமாச்சு? அதையாவது மாத்தியிருக்கலாம்ல."

"இருக்கிறது ஒரே பொத்தான். ஒரு தடவை அமுக்கினா எரியும், இன்னொரு தடவை அமுக்கினா அணையும். இதுக்கு லைட்டு வேறயா?"

டெல்மர் பர்னரில் இருந்த கரியைத் துடைத்தார். உள்ளே வந்து பொத்தானை அழுத்திவிட்டு, வெளியே ஓடிப் போய்ப் பார்த்தார். நீலச் சுடர் சமர்த்தாக எரிந்தது. எரியாமல் இருந்ததற்கு என்ன காரணம் என்றுதான் அவருக்குப் பிடிபடவில்லை.

மர நிழலில் சாண்ட்விச் சாப்பிட்டு, ஒரு குட்டித் தூக்கமும் போட்டு எழுந்தபோது ஜெல்லி ஆட்டத்தைக் குறைத்திருந்தது. இனி ஏரி வரைக்கும் குளிர் நிற்க வேண்டும். மிச்சமிருந்தது மலைப் பாதை, கிழட்டு வண்டி, கொளுத்துகிற வெயில்.

பொகடெல்லோவில் பெட்ரோல் பங்க் வந்தது. நெருப்போடு பங்க்குக்குள் போகக் கூடாது என்பது கேரவன்காரர்களின் முதல் பாடம். டெல்மர் வெளியிலேயே நிறுத்தி, பின்னால் போய்ப் பொத்தானை அழுத்தி அணைத்துவிட்டு வந்தார்.

பெட்ரோல் போட்டு வெளியே வந்ததும் வண்டியை ஓரம் கட்டி, மறுபடி பின்னால் போய்விட்டு வந்தார்.

"ஃப்ரிட்ஜைத் திரும்பப் போட்டியா?" என்றாள் லரூ.

"போட்டாச்சு, போட்டாச்சு."

"இரு, ஸ்வெட்டர் எடுத்துட்டு வந்துடறேன்."

"இந்த வெயில்லயா?"

"உன் ஏசி எனக்கு ஆகல" என்று சொல்லிவிட்டு இறங்கிப் பின்னால் கேரவனுக்குள் போனாள்.

ஏரிக்கரையில் டெல்மரின் தம்பி ஆர்லோதான் ஃப்ரிட்ஜைத் திறந்தார். ஜெல்லியைத் தட்டில் கவிழ்த்தபோது அது கோட்டை மாதிரி நின்றது. ஒரு சொட்டு உருகவில்லை. டெல்மர் லரூவைப் பார்த்தார், லரூ டெல்மரைப் பார்த்தாள்.

"அண்ணனுக்குத்தான் முதல் துண்டு, நல்லா பெருசா வெட்டுங்க" என்றார் ஆர்லோ. "அண்ணிக்கும் அதே அளவு." மற்றவர்கள் எல்லாரும் அதற்குள் வறுத்த கோழியால் தட்டை நிரப்பிக்கொண்டிருந்தார்கள்.

சாப்பாடு முடிந்து, கேரவனின் மறுபக்கம் இரண்டு மடக்கு நாற்காலிகளில் இருவரும் உட்கார்ந்தார்கள். டெல்மர் மூன்றாவது கோப்பை எலுமிச்சைச் சாற்றைக் குடித்துவிட்டு மெதுவாக ஆரம்பித்தார்.

"லரூ, கோவிச்சுக்காதே. நேத்து கேஸை அணைச்சது நான்தான். இன்னிக்குப் பங்க்லயும் திரும்பப் போடல. போட்டேன்னு பொய் சொன்னேன்."

லரூ திரும்பினாள். "ஏன்?"

"கல்யாணமான புதுசுல, நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டேன். புதுப் பொண்டாட்டிகிட்ட வேற என்னத்தைச் சொல்றது? அன்னிக்குப் பிடிச்சது இந்தச் சனி. ஒரு வருஷமாவது இதைத் தின்னாம தப்பிக்கலாம்னு பார்த்தேன்."

லரூ கண்ணில் நீர் வரும் அளவுக்குச் சிரித்தாள். அவள் தட்டில் ஜெல்லித் துண்டு வைத்தது வைத்தபடி இருந்தது.

"படுபாவி. அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் இத்தனை வருஷமும் மூக்கைப் பிடிச்சுக்கிட்டு இதைச் செய்றேன்."

டெல்மருக்கு மெல்லப் புரிந்தது. "அப்போ இன்னிக்குக் காலையில அணைச்சது?"

"நான்தான்."

"அது சரி. பங்க்ல நான் அணைச்சது அணைச்சபடிதானே இருந்துச்சு. பிறகு எப்படி ஜெல்லி கல்லு மாதிரி வந்து நின்னுச்சு?"

லரூ ஸ்வெட்டரை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"நானும் பொத்தானை அமுக்கி அணைச்சேன்ல, அதான்."