எண்பத்து மூன்றாம் பக்கத்து நடவு

எண்பத்து மூன்றாம் பக்கத்தோடு அந்த நாவலை மூடிவிட்டேன். அதில் பதினோரு பெண்கள் நாற்று நடுகிறார்கள். நாற்பது பக்கமாக வளையல் குலுங்குகிறது, ஒருத்திக்குக்கூட இடுப்பு வலிக்கவில்லை. எழுதினவர் சேற்றில் கால் வைத்திருந்தால்தானே! எம்.ஏ. பாடத்தில் இல்லாவிட்டால் தொட்டிருக்கவே மாட்டேன்.

நான் வாசித்ததைக் கேட்டுக்கொண்டிருந்த அம்மா விடவில்லை. நடவு நட்டே என்னைப் படிக்கவைத்தவள்.

"மிச்சத்தையும் படிடி எழிலு."

"எரிச்சலா இருக்கும்மா. போதும்."

"நீ போதும்னுட்டே. நடவு முடியாம அவளுக எப்படிக் கரையேறுவாளுக?"

"அதெல்லாம் புஸ்தகத்து ஆளுங்கம்மா!"

"ஆளுங்கதானே?" என்றாள்.

மறுநாள் காலை, நூலகத்தில் திருப்பிக் கொடுத்துத் தொலைக்கலாம் என்று புத்தகத்தை எடுத்தேன். அதன் அடி ஓரம் ஈரமாக இருந்தது. அதே பக்கத்தைத் திறந்தேன். பன்னிரண்டு பெண்கள் நட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டு தடவை எண்ணினேன். பன்னிரண்டாவது பெண் நிமிர்ந்து, "இடுப்பு ஒடியுது" என்றாள். அந்த வரி நேற்று இல்லை.

அம்மா வீட்டில் இல்லை. செருப்பு வாசலில் கிடந்தது. அவள் ஊற்றி வைத்த டீ ஆறியிருந்தது. இது நடவுக் காலமே இல்லை. ஆற்றில் தண்ணீர் விட இன்னும் இரண்டு மாதம் ஆகும்.

உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். இப்போது இருநூற்றுப் பத்தாம் பக்கம். எழுதினவர் மறுபடியும் வளையலுக்கே போய்விட்டார். பன்னிரண்டு பேரும் குனிந்தபடியே இருக்கிறார்கள்.