முன்மேசைக்குப் போன இரண்டு பக்கம்

லோர்னா பொத்தானை அழுத்திவிட்டு வீட்டு பிரிண்டரைப் பார்த்தாள். அது அசையாமல் உட்கார்ந்திருந்தது.

லேப்டாப்பைப் பார்த்தாள். 'முன்மேசை பிரிண்டர்: 2 பக்கம் அச்சாகிவிட்டது.'

முன்மேசை பிரிண்டர் இருப்பது அவள் வேலை பார்க்கும் காப்பீட்டு ஆபீஸின் வரவேற்பு மேசையில். பிராண்டன் ஊரின் அந்தக் கோடியில்.

"என்னாச்சு?" என்றான் புருஷன் டெர்ரி.

"வேற கம்பெனிக்கு எழுதின வேலை விண்ணப்பம், எங்க ஆபீஸ்ல போய் விழுந்துருச்சு."

"நல்லதாப் போச்சு. ராஜினாமா கடிதம் தனியா எழுத வேண்டாம்."

"சிரிக்காதே டெர்ரி. நம்ம டெஸ்ஸாவுக்குப் பல்லுல கம்பி கட்டி மூணு மாசம்தான் ஆகுது. இந்த வேலை போச்சுன்னா வைத்தியச் செலவை யார் குடுப்பா?"

டெர்ரி சிரிப்பை நிறுத்தினான்.

போன மாதம் வரை இந்த வம்பே இல்லை. ஆபீஸ் மாடிப்படிக்கு அடியில் ஒரு சர்வர் பெட்டி இருந்தது. கட்டடத்துக்குள் இருந்து அழுத்தினால்தான் காகிதம் வரும். நவம்பர் நாலாம் தேதி தலைமை ஆபீஸ் ஆட்கள் வந்து அதைக் கழற்றித் தூக்கிக்கொண்டு போனார்கள். இனி எல்லாம் கிளவுட் வழியாக. எந்த ஊரில் உட்கார்ந்து அழுத்தினாலும் ஆபீஸில் அச்சாகும்.

"சர்வரைத் தூக்கியாச்சு, அடுத்தது நம்ம நாற்காலிதான்" என்று அன்றைக்குப் பக்கத்து இருக்கை மர்ரே கிண்டல் பண்ண, மேனேஜர் ஹில்டா அவனைப் பிடித்துத் திட்டு திட்டென்று திட்டினாள்.

மற்ற பிரிண்டர்கள், ஆள் நேரில் வந்து அடையாள அட்டையைக் காட்டினால்தான் காகிதத்தைக் கொடுக்கும். முன்மேசையில் இருப்பது மட்டும் உடனே துப்பிவிடும், பயிர்க் காப்பீட்டுக்கு வரும் விவசாயிகள் காத்து நிற்பார்களே என்று. வெள்ளிக்கிழமை ஒருவருக்குப் படிவம் எடுக்க லேப்டாப்பில் அதைத் தேர்ந்தெடுத்த லோர்னா, திரும்ப மாற்றவில்லை.

இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. ஆபீஸ் சாவி இருப்பதோ ஹில்டாவிடம் மட்டும்.

திங்கள் காலை ஏழு மணிக்கே, பனியில் காரை உருட்டிக்கொண்டு போய் நின்றாள். ஹில்டாவின் டிரக் ஏற்கெனவே நின்றிருந்தது.

முன்மேசைத் தட்டு காலி.

"சீக்கிரம் வந்துட்டே" என்றாள் ஹில்டா, கண்ணாடி அறையிலிருந்து.

"ரோட்டுல பனி, அதான்..."

"பனின்னா எல்லாரும் லேட்டாத்தான் வருவாங்க."

அவ்வளவுதான். திரும்பவும் மேசையில் குனிந்துகொண்டாள்.

பத்து மணிக்கு மர்ரேயிடம் மெதுவாகக் கேட்டாள். "முன்மேசையில ஏதாவது காகிதம் கிடந்துச்சா?"

"நான் வந்தப்ப ஒண்ணும் இல்ல. ஏன், கள்ள நோட்டு அடிச்சியா?"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஹில்டா குனிந்து எதையோ எழுதிக்கொண்டிருந்தாள். கையில் சிவப்புப் பேனா. இரண்டு தரம் நிமிர்ந்து லோர்னாவைப் பார்த்தாள்.

வேலை நீக்கத்துக்குக் குறிப்பு எழுதுகிறாள், வேறென்ன. போன வருஷம் லோர்னா கால் மணி நேரம் தாமதமாக வந்ததைக்கூட இன்னும் நினைவு வைத்திருக்கிறவள் ஆயிற்றே. அந்த விண்ணப்பத்தில் லோர்னா அவளைப் பற்றி ஒரு வரி வேறு எழுதித் தொலைத்திருந்தாள். அதை நினைத்தபோது, கொண்டுவந்த சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே தோன்றவில்லை.

நாலு மணிக்கு ஹில்டா கூப்பிட்டாள்.

"உள்ளே வா. கதவைச் சாத்து."

மேசைமேல் அந்த இரண்டு பக்கங்கள். மேலெல்லாம் சிவப்பு மை.

"உன்னுதுதானே?"

லோர்னா தலையை ஆட்டினாள்.

"ஃபோன் நம்பர்ல ஒரு எண் குறையுது. அவங்க கூப்பிடணும்னு நினைச்சாலும் முடியாது."

லோர்னாவுக்குப் புரியவில்லை.

"அப்புறம் இந்த வரி." ஹில்டா விரல் வைத்தாள். 'இப்போதைய மேலாளரிடம் என் உழைப்புக்கு மதிப்பில்லை.' நடுவில் நேராக ஒரு சிவப்புக் கோடு. "இதை எடுத்துடு. பழைய மேனேஜரைக் குறை சொல்றவளை எந்த மேனேஜர் சேர்ப்பா? நானே சேர்க்க மாட்டேன்."

"ஹில்டா, நான் வந்து... இன்னும் எதுவும் முடிவு பண்ணல. என்னை அனுப்பிடாதீங்க. பொண்ணுக்குப் பல் வைத்தியம்..."

"யார் அனுப்புறா?" ஹில்டா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள். "அன்னைக்கு மர்ரேயை ஏன் திட்டினேன் தெரியுமா?"

"கிண்டல் பண்ணினதுக்கு."

"அது கிண்டல் இல்ல. அதான் திட்டினேன். இந்தக் கிளையை இங்கே ஊன்றி வெச்சிருந்தது அந்த சர்வர் பெட்டி ஒண்ணுதான். இப்போ ஒரே நாள்ல பூட்டிட்டுப் போயிடலாம். வசந்தம் வர்றதுக்குள்ள..." நிறுத்திக்கொண்டாள். "நான் வாயைத் திறக்கக் கூடாதுன்னு தலைமை ஆபீஸ் உத்தரவு. நான் எதுவும் சொல்லல. நீ எதுவும் கேட்கல."

இழுப்பறையைத் திறந்தாள். உள்ளே வரிசையாக உறைகள், ஆபீஸில் ஒவ்வொருவர் பேரிலும் ஒன்று. லோர்னாவுடையதை உருவி நீட்டினாள்.

"விண்ணப்பத்தோட இதையும் சேர்த்து அனுப்பு. இந்தத் தரமாவது எந்த பிரிண்டர்னு பார்த்து அழுத்து."

இருக்கைக்கு வந்துதான் பிரித்தாள். பரிந்துரைக் கடிதம். 'பதினெட்டு வருஷத்தில் என்னிடம் வேலை பார்த்தவர்களில், தாமதமாக வந்தால்கூடத் தன் வேலையை அடுத்தவர் தலையில் கட்டாத ஒரே ஆள் லோர்னா' என்று தொடங்கியிருந்தது.

மேலே தேதியைப் பார்த்தாள். நேற்றையதும் இல்லை, இன்றையதும் இல்லை.

நவம்பர் நாலு, சர்வர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போன நாள்.