எஞ்சினுக்கு நல்ல தண்ணி

"எஞ்சினுக்குக் குட்டைத் தண்ணி ஆகாதுங்க பண்ணாடி. ஊர்க் கெணத்துத் தண்ணிதான் வேணும்."

மாசாணம் இப்படிச் சொன்னதும், பக்கத்தில் கல் சுமந்துகொண்டிருந்த காளியாத்தாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சொன்னவன் வேற்றாள் இல்லை. அவளைக் கட்டிய புருஷன்!

அந்தக் குட்டைத் தண்ணியைத்தான் சேரியே குடித்துக்கொண்டிருந்தது. எருமை படுத்தெழுந்த தண்ணீர். அதைக் குடித்துத்தான் அவள் மகள் ராமாயி பேதியாகித் துவண்டு கிடக்கிறாள். பெற்ற பிள்ளைக்கு நல்ல தண்ணி கேட்க வாயில்லாதவன், துருப்பிடித்த இரும்புக்கு வாதாடுகிறானே!

முதலாளியான பண்ணாடி பொங்கியண்ணன் மீசையைத் தடவினார். ஊர்க் கிணற்றைச் சேரி ஆட்கள் தொடக்கூடாது. சிக்கலான சமாச்சாரம்தான்.

ஆனால் அவருக்கு எஞ்சின் ஓடியாக வேண்டும். மதுக்கரைப் பக்கத்துக் கல்குழியைக் குத்தகைக்கு எடுத்தபோது, புகைபோக்கியில் வேப்பங்கன்று முளைத்து, பாம்பு குடியேறிக் கிடந்த, தண்டவாளத்தில் கல் வண்டி இழுக்கும் குட்டி நீராவி எஞ்சின் அது. "பைக்காரா கரண்டே வந்தாச்சு, இவரு பழைய இரும்புக்கு உசுரு குடுக்கறாராமா!" என்று ஊர் சிரித்தது. மனுஷனுக்கு ரோஷம் வந்துவிட்டது. போத்தனூர் ரயில் ஷெட்டில் வேலை பழகிய மாசாணத்தை விட்டால் அவருக்கு வேறு ஆளும் இல்லை.

"குட்டைத் தண்ணி ஊத்துனா என்னடா ஆகும்?"

"பாய்லர் வெடிச்சுப்போடுமுங்க."

பண்ணாடி நாலடி தள்ளி நின்றுகொண்டார். "சரி, பொம்பளைங்களச் சேந்தச் சொல்லு. தண்ணி எஞ்சினுக்குத்தான். ஞாபகம் இருக்கட்டும்!"

ஊர்ப் பெரியவர் மருதாசலம் ஓடி வந்தார். "ஏனுங்க மாப்பிள்ளை, கெணறு தீட்டாயிறாதுங்களா?"

"எஞ்சினுக்கு ஏதுங்க தீட்டு?" என்று பண்ணாடி அவரை அனுப்பிவிட்டார்.

முதல் நாள் சுற்றிலும் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் காளியாத்தாள் ராட்டினக் கயிற்றைப் பிடித்தாள். பெண்கள் சேந்திச் சுமந்து, எஞ்சின் பக்கத்துத் தொட்டியை நிரப்பினார்கள்.

சாயங்காலம் மாசாணம் அடுத்த அழிச்சாட்டியத்தை ஆரம்பித்தான். "காத்தால ஊத்துன தண்ணி பழசாயிருச்சு. பாய்லருக்கு ஆகாது. ஆளுக்கொரு கொடம் ஊட்டுக்குக் கொண்டு போயிருங்க. நாளைக்குப் புதுசாச் சேந்தோணும்."

"எஞ்சின் கழிச்சுப்போட்ட தண்ணி நமக்காக்கும்!" என்று காளியாத்தாள் வைது தீர்த்தாள். ஆனாலும் குடத்தை நிரப்பிக்கொண்டுதான் போனாள்.

தினமும் இதே கூத்து. மாசாணம் விடியும் முன்னே எஞ்சினிடம் போனால், இருட்டித்தான் வீடு திரும்புவான். ஓட்டைக் குழாய்களை மாற்றி, தண்ணீர் ஊற்றி ஒழுக்குப் பார்த்தான், துருவைச் சுரண்டினான், சக்கரத்துக்கு எண்ணெய் விட்டான். இதற்கிடையில் ராமாயி எழுந்து ஓடியாட ஆரம்பித்தாள். புருஷனால் ஆகாததை மாகாளியம்மன் செய்துவிட்டாள் என்று காளியாத்தாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

தை பிறந்தது. மாசாணம் நெருப்பு மூட்டினான். ஊரே கூடிவிட்டது.

முதலில் புகை, பிறகு ஒரு பெருமூச்சு. அப்புறம் கூவியது பாருங்கள் ஒரு கூவல், மாடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடின! கல் ஏற்றிய வண்டிகளை இழுத்துக்கொண்டு எஞ்சின் நகர்ந்தது. சிரித்தவர்களே துண்டைச் சுழற்றிக் கத்தினார்கள். கல் வண்டி மேல் மாலையோடு நின்ற பண்ணாடிக்குக் கால் தரையில் பாவவில்லை.

மருதாசலம் மெல்ல இழுத்தார். "அதான் ஓடிருச்சுங்களே. இனிக் கெணத்துப் பக்கம் அவங்க வரவேண்டாமுங்களே?"

"தண்ணி இல்லாம எஞ்சின் ஓடுமா? தெனமும் வருவாங்க! அவங்களைத் தடுக்கறவன் என் எஞ்சினைத் தடுக்கறவன்!" என்று பண்ணாடி கர்ஜித்தார்.

காளியாத்தாளுக்கு இத்தனை நாள் கோபமெல்லாம் கரைந்துவிட்டது. புருஷன் உசுரு கொடுத்த எஞ்சின்! ஓடிப்போய் ஒரு குடம் கிணற்றுத் தண்ணீர் சேந்தி வந்தாள். தன் கையாலேயே எஞ்சினுக்கு ஊற்றிவிட வேண்டும் என்று ஆசை.

மாசாணம் பாய்ந்து குடத்தைப் பிடித்தான். "ஐயோ, ஊத்திப்போடாத புள்ள!"

"ஏனுங்க? இது கெணத்துத் தண்ணிதானுங்க."

அவன் சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். "அதான் வேண்டாங்கறேன். இது சுண்ணாம்புத் தண்ணி. மனுசன் குடிக்கலாம், பாய்லருக்குள்ள சுண்ணாம்பு படிஞ்சு கெடுத்துப்போடும். நான் தெனமும் விடியறதுக்குள்ள வடிகட்டி இதுக்கு ஊத்துனது நம்ம குட்டைத் தண்ணிதான். மழைத் தண்ணி, எஞ்சினுக்கு அமுதம்."

காளியாத்தாள் குடத்தை இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். "அப்ப நாங்க சேந்துனது..."

"எம் புள்ளைக்குன்னு கேட்டா கெணத்தைத் தொட உட்டிருப்பாங்களா? அதான் எஞ்சினுக்குன்னு கேட்டேன்."