நல்ல கழுதைப்புலி

அந்தக் காட்டுக் குளத்தங்கரையில் மாலைதோறும் மைனா கதை சொல்லும். எந்தக் கதையானாலும் அதில் குட்டி திருடுவது கழுதைப்புலிதான். அதைக் கேட்டுக் கேட்டு வளர்ந்த மான்கள், கோடை முற்றிக் காடே காய்ந்த பிறகும் கழுதைப்புலிகளைத் தண்ணீர்ப் பக்கம் விடவில்லை.

தன் குட்டியின் நாக்கு வறண்டு தொங்குவதைப் பார்க்கப் பொறுக்காமல் ஒரு தாய்க் கழுதைப்புலி மைனாவிடம் வந்தது.

"நாங்க யார் குட்டியையும் தொட்டதில்லையேக்கா. ஏன் எப்பவும் எங்களையே சொல்றீங்க?"

"கோவிச்சுக்காதடி. முயல் திருடிச்சுன்னா ஏன், எதுக்குன்னு நூறு கேள்வி வரும். உன் பேரைச் சொன்னா ஒருத்தரும் கேக்கமாட்டாங்க. கதை நிக்காம ஓடும்."

"ஒரே ஒரு கதையில எங்களை நல்லவங்களா வைங்க. என் பிள்ளை ஒரு வாய் தண்ணி குடிச்சுக்கும்."

மைனாவின் மனம் இளகியது. அன்று மாலை அது சொன்ன கதையில், வெள்ளத்தில் போன மான்குட்டியைக் கரையேற்றிவிட்டு ஒரு கழுதைப்புலி தான் மூழ்கிச் செத்தது. மான்கள் விம்மி விம்மி அழுதன.

புதரில் நின்று கேட்ட தாய்க்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. குட்டியை முன்னால் விட்டு மெல்லக் கரைக்கு வந்தது.

அழுகை சட்டென்று நின்றது.

"நல்ல கழுதைப்புலிதான் செத்துப்போச்சே," என்றது கண்ணீர் காயாத ஒரு மான். "அப்போ இதுங்க யாரு?"

கொம்புகள் தாழ்ந்தன. குட்டியின் வாய் இன்னும் தண்ணீரைத் தொடவில்லை.