காளிக்கு வெட்டின காசு

"அந்தப் பொம்பளை ஸ்டேஷனுக்கே வரலை" என்று கோர்ட்டில் சாதித்த எஸ்.ஐ. கதிரேசன், வலையபட்டியில் அவள் வீட்டு வாசலிலேயே வந்து நின்றார்.

ஸ்டேஷனில் விழுந்த லத்தியடியில் சித்தாள் ஈஸ்வரியின் வலது கை முறிந்திருந்தது. இனிச் சாந்துச் சட்டி தூக்க முடியாது. பார்த்த சாட்சியும் இல்லை.

"கொல்லங்குடி காளிகிட்ட என் பேர்ல காசு வெட்டிட்டீகளாமே? என் மகனுக்குக் காய்ச்சல் விடலை தாயி. காசை மீட்டுருங்க."

அநியாயம் செய்தவன் பேரில் அங்கே காசை வெட்டினால் அவன் குடும்பம் விளங்காது, வெட்டினவர்களே போய் மீட்டால்தான் சாபம் விலகும் என்பது இந்தப் பக்கத்து நம்பிக்கை.

"மொதல்ல தப்ப வாய்விட்டுச் சொல்லணும்," என்றாள் பெண்கள் சங்கத்து ரோகிணி. தெரு கூடிவிட்டது.

"தனியாச் சொல்றேனே?"

"காளிக்குக் கேக்க வேணாமா?"

கதிரேசன் ஈஸ்வரியின் காலில் விழுந்தார். "திருட்டை ஒத்துக்கச் சொல்லி நாந்தேன் அடிச்சேன். இவ திருடலைன்னு தெரிஞ்சுந்தேன் கைய ஒடிச்சேன்."

ரோகிணி கூட்டத்தைப் பார்த்தாள். "கேட்டீகள்ல? இதை அப்படியே கோர்ட்டுல வந்து சொல்லணும்."

"சொல்றோம்," என்றார்கள் பெண்கள்.

கதிரேசன் பதறி எழுந்தார். "அப்ப காசு?"

"நாங்க கொல்லங்குடிக்குப் போகவே இல்லை சார்," என்றாள் ஈஸ்வரி. "டீக்கடையில சொல்லிவிட்டதோட சரி. புள்ளைய நல்ல டாக்டர்கிட்ட காட்டுங்க."