மறைக்குது சார்!

"பொதுநலம்னு பேசுங்க. பால்கனின்னு மட்டும் வாயைத் திறந்துடாதீங்க" என்று சொல்லித்தான் மனைவி என்னை அனுப்பினாள்.

ஆற்றங்கரையில் அடுக்குமாடி வீடுகள் கட்டப்போகிறார்களாம். கட்டிவிட்டால், எட்டாவது மாடிப் பால்கனியில் நான் காபி குடித்துக்கொண்டே பார்க்கிற ஆறு காலி. இன்றைக்கு அதைப் பற்றிப் பொதுமக்கள் கருத்து சொல்லும் கூட்டம். அதற்காகத்தான் இந்த இஸ்திரிச் சட்டை, கண்ணாடி முன் ஒத்திகை எல்லாம்.

மேடையில் தெர்மாகோலில் செய்த மாதிரிக் கட்டடத்தை வைத்து, இன்ஜினீயர் குச்சியால் காட்டி விளக்கிக்கொண்டிருந்தார். அவர் முடிக்கட்டும் என்று காத்திருக்க எனக்குப் பொறுமை ஏது? முன்வரிசையிலிருந்து துள்ளி எழுந்தேன்.

"இந்த ஆறு யாரோட பால்கனியும்... யாரோட தனிச்சொத்தும் இல்ல!"

நல்லவேளை, யாரும் கவனிக்கவில்லை.

"மறைக்குது சார்" என்றது பின்னாலிருந்து ஒரு பெண் குரல்.

எனக்குப் புல்லரித்துவிட்டது. பக்கத்தில் இருந்த மைக்கைப் பிடுங்காத குறையாக வாங்கினேன்.

"கேட்டீங்களா? மறைக்குதுங்கறாங்க! இது என் குரல் இல்ல, மக்களோட குரல்!"

கைதட்டல் வேறு. ஒரு இஞ்ச் வளர்ந்தே விட்டேன்.

"சார், ரொம்ப மறைக்குது சார்."

"ரொம்பவே மறைக்குதாம்! பின்னால இருக்கறவங்களைப் பத்தி யாராவது ஒரு நிமிஷம் நினைச்சுப் பார்த்தீங்களா?"

"அய்யோ, உங்களைத்தான் சார் சொல்றேன். கொஞ்சம் உட்காருங்க, மேடையே தெரியல!"

ஹால் முழுக்கச் சிரிப்பு. நான் வளர்ந்த இஞ்சோடு சேர்த்து இன்னும் கொஞ்சம் குறைந்து உட்கார்ந்தேன். இன்ஜினீயர் சிரிப்பை அடக்கிக்கொண்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

கடைசியில் அதிகாரி, "கட்ட வேண்டாம்னு சொல்றவங்க கை தூக்குங்க" என்றார்.

தூக்கினேன். திரும்பிப் பார்த்தால் அந்தப் பெண்ணும் தூக்கியிருந்தார். நர்ஸ் சீருடை. டியூட்டி முடிந்து நேராக வந்திருப்பார் போல.

கூட்டம் கலையும்போது அவரே என்னிடம் வந்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். எல்லார் முன்னாடியும் சத்தமாச் சொல்லிட்டேன்."

"அதை விடுங்கம்மா. உங்க வீட்டுலேருந்தும் ஆறு தெரியுமா?"

"முன்ன தெரிஞ்சுது சார். எங்க அம்மா படுத்த படுக்கை. ஜன்னல் வழியா ஆத்தைப் பார்த்துக்கிட்டேதான் அவங்களுக்குப் பொழுது போகும். அப்புறம் எங்க வீட்டுக்கு முன்னால பெரிசா ஒரு கட்டடம் வந்துடுச்சு. ஒருநாள் அம்மாவே கட்டிலைச் சுவர் பக்கம் திருப்பிப் போடச் சொல்லிட்டாங்க."

எனக்கு மனசு கனத்துப்போனது. இது மட்டும் ஒத்திகை பார்த்ததில்லை.

"அப்ப இந்தப் புதுக் கட்டடத்தால உங்களுக்குப் போறதுக்கு ஒண்ணும் இல்லையே? எதுக்குக் கை தூக்கினீங்க?"

"எனக்காக இல்ல சார். அந்தப் பெரிய கட்டடத்துல இருக்கறவங்களுக்காக. அங்கேயும் யாராவது ஒரு அம்மா ஜன்னல் பக்கம் படுத்திருப்பாங்கல்ல? இன்னொரு கட்டில் திரும்ப வேணாமேன்னுதான்."

"அது... எந்தக் கட்டடம்மா?"

"நீலக் கண்ணாடியில பால்கனி வச்சு, நெட்டையா நிக்குமே, அதான். ஆமா, நீங்க எங்க சார் குடியிருக்கீங்க?"

ஆத்திர அவசரத்துக்கு ஒரு பொய்கூட வாயில் வரவில்லை.

"உங்களுக்கு முன்னாலதாம்மா" என்றேன். "மறைச்சுக்கிட்டு."