வீட்டிலேயே பழசு

"ரிசப்ஷன்ல நின்னா, 'இந்தக் கோயில் எந்தக் காலத்துது'ன்னு கெஸ்ட் கேப்பாங்க. 'டேட்ஸ் பேக் டு', 'கோஸ் பேக் டு'ன்னு தடுமாறாம சொல்லணும். எங்க, உங்க குடும்பத்துலயே பழைய பொருள் எதுன்னு ஆளுக்கு ஒண்ணு சொல்லுங்க. நல்லா சொல்றவங்க பேரைத்தான் ஓட்டலுக்கு அனுப்புவேன்."

திருப்பதியில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடத்தும் ஜெபகுமார் சார் இப்படிச் சொன்னதும் அக்ஷயா பக்கத்து வரிசையைத் திரும்பிப் பார்த்தாள். இருப்பதே ஒரே ஒரு வேலை. போட்டிக்கு நிற்பதோ சந்திரன். அவளுடைய ஊர்க்காரன்தான், ஏர்பேட்டுப் பக்கம். அவள் வீட்டு நிலத்தில் கூலி வேலை செய்கிறவரின் மகன். ஆனால் இங்கிலீஷ் அவனுக்குத் தண்ணி பட்ட பாடு.

அக்ஷயா முந்திக்கொண்டாள்.

"அவர் ஹவுஸ் டேட்ஸ் பேக் டு நைன்டீன் தர்ட்டி. மை கிரேட் கிராண்ட்ஃபாதர் பில்ட் இட்."

"வெரிகுட்! சந்திரன், நீ?"

சந்திரன் எழுந்தான். அக்ஷயாவை ஒரு தரம் பார்த்தான். தலையைச் சொறிந்தான்.

"அவர் மிக்ஸி டேட்ஸ் பேக் டு டூ தௌசண்ட் நைன்டீன்."

வகுப்பே சிரித்தது. முதலில் சிரித்தவள் அக்ஷயாதான்.

"கிண்டலா? மிக்ஸி பழசா?" சார் எரிந்து விழுந்தார்.

"எங்க வூட்ல அதான் சார் பழசு."

"உக்காரு. அக்ஷயா, உன் பேரை அனுப்பறேன்."

சாயங்காலம் ஊருக்குப் போகும் பஸ்ஸில் சந்திரன் முன் சீட்டில் இருந்தான். ஜெயித்தவர்களுக்கு வருகிற தாராள மனசு அக்ஷயாவுக்கும் வந்திருந்தது.

"ஏன்டா கோமாளித்தனம் பண்ணே? கொஞ்சம் யோசிச்சிருந்தா உன் பேரே போயிருக்கும்."

"யோசிச்சேன். ஒண்ணு இருக்குது. எங்க நைனாவோட தாத்தா காலத்துது."

"அப்புறம்? அதைச் சொல்றதுக்கு என்ன?"

"வுடு."

ஊரில் 'நீங்க' என்பவன், ஊருக்கு வெளியே மட்டும்தான் அவளிடம் இப்படி ஒருமையில் பேசுவான்.

"சும்மா சொல்லுடா. என்ன சாமான்?"

"அலுமினிய லோட்டா."

"உங்க வீட்ல நான் பாத்ததே இல்லியே."

"எங்க வூட்ல ஏது? உங்க மாட்டுக் கொட்டாயில சொருவிக் கீதே, அதான். எங்காளுங்களுக்குன்னு தனியா."

அக்ஷயாவுக்கு முகம் செத்துவிட்டது. போன வாரம்கூட அவனுடைய அப்பா தண்ணீர் கேட்டபோது, அதில்தான் அவள் ஊற்றினாள். ஒரு நாளாவது அவளுக்கு உறுத்தியதா? இல்லை. அதற்கு மேல் இன்றைக்கு அந்தச் சிரிப்பு வேறு.

"அதையே சொல்லியிருக்கலாமே சந்திரா... வேலை உனக்கு வந்திருக்குமே..."

"வந்திருக்கும். கிளாஸே உன்னைத் திரும்பிப் பாக்குமே, அப்ப நீ மூஞ்சிய எங்க வெச்சிக்குவே?"